நாலு விரல் நகர்ந்த வண்டி

ஹேண்ட் பிரேக்கை ஒழுங்காக இழுத்துவிட்டு இறங்குகிறவர்கள் பத்துக்கு ஒருவர் இருந்தால் அதிசயம். ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் இன்னும் மோசம். கியர் லீவரை, வண்டியை நிறுத்தி வைக்கிற 'பார்க்' நிலைக்குத் தள்ளுவார்கள், சாவியை உருவுவார்கள், போய்க்கொண்டே இருப்பார்கள். வண்டியின் மொத்தப் பாரமும் உள்ளே இருக்கும் ஒரு சின்ன இரும்புத் துண்டின் தலையில் விழுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. சொன்னாலும் கேட்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

நர்ஸம்மா அப்படி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலால் பிரேக்கை மிதித்து நிறுத்துவார், ஹேண்ட் பிரேக்கை இழுப்பார், அதற்குப் பிறகுதான் லீவரைப் பார்க்கில் போடுவார். வண்டியோடு தரும் புத்தகத்தில் போட்டிருக்கும் வரிசை அதுதான். அந்த வரிசையை மீறாத ஒரே ஆளாக நான் பார்த்தது அவரைத்தான். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. ஆனால் அவருடைய அந்த ஒழுங்குதான் எனக்குப் பெரிய தொல்லையாகப் போயிற்று.

நான் ஏற்கெனவே இரண்டு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். இரண்டிலும் பொய் இல்லை. ஒரு தொலைபேசிப் பேச்சும், ஒரு நாற்பது நிமிட வேலையும் விடுபட்டிருக்கின்றன. அவற்றையும் சேர்த்து முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் நிறுத்தாமல் கேட்டால் எழுதுகிறவருக்கும் சுலபம்.

பட்டறை என் அக்கா புருஷனுடையது. மாமா என்றுதான் கூப்பிடுவேன். என்ஜின் வேலை அவர், கியர் பாக்ஸ் வேலை நான். தகரக் கூரைக்குக் கீழே இரண்டு லிஃப்ட், பின்னால் கண்ணாடி வைத்த சின்ன அறை, அதில் வண்டிக்கு வண்டி வேலையை எழுதி வைக்கும் ஜாப் கார்டுகளோடும் போனோடும் அக்கா. அங்கே எனக்கு டாக்டர் என்று பேர். மரியாதைக்கு வைத்த பேர் இல்லை. எந்த வண்டி வந்தாலும் நான் வியாதி கண்டுபிடிக்கிறேனாம். போன வருடம் ஒரு வண்டியில் மெல்லிய சத்தம் கேட்டு, கியர் பாக்ஸ்தான் என்று சொல்லி இறக்கினேன். மூன்று நாள் பிரித்துப் பார்த்தேன். கடைசியில் அது டயர் இடுக்கில் சிக்கியிருந்த கூழாங்கல் என்று வண்டிக்காரரே கண்டுபிடித்து, கல்லைக் கொண்டுவந்து மாமாவின் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். பட்டறையே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"மாப்ள, இன்னொரு தடவ சும்மா ஒரு பாக்ஸ எறக்கினே, அப்புறம் கியர் பாக்ஸ் பக்கமே உன்னை விடமாட்டேன். டயர் கழட்டிக்கிட்டுக் கெட" என்றார்.

அவர் சொன்னால் செய்கிறவர். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். டயர் கழற்ற என்னைவிட நல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்த நிலைமையில்தான் நர்ஸம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். பதினேழு வருடத்து ஆட்டோமேட்டிக் வண்டி. பக்கத்து இருக்கையில் அவருடைய அப்பா. வாதம் வந்து ஒரு பக்கம் விளங்காமல் போனவர், பேச்சும் குழறும். டிக்கியில் மடித்து வைத்த சக்கர நாற்காலி. வாரத்துக்கு இரண்டு நாள் அப்பாவைப் பயிற்சி வைத்தியத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். அந்தக் கட்டடம் ஒரு மேட்டுத் தெருவில் இருக்கிறது. வண்டி மேல் பார்த்து நிற்கும், டிக்கி பள்ளத்தைப் பார்த்திருக்கும்.

"அன்னைக்கு அப்பாவுக்குப் பொரை ஏறிடுச்சு தம்பி. அவசரத்துல ஹேண்ட் பிரேக் போட மறந்துட்டேன், தப்புதான். பார்க்ல போட்டுட்டுக் கால எடுத்தேன், வண்டி பின்னாடி போயி நின்னுச்சு. இத்தன தூரம்" என்று நாலு விரலைச் சேர்த்துக் காட்டினார். கொலைக் குற்றத்தை ஒப்புக்கொள்கிற முகத்தோடு அந்த மறதியைச் சொன்னார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கியர் பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரம் இருக்கும். லீவரைப் பார்க்கில் போட்டால் ஒரு கேபிள் இழுபட்டு, விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு நாக்கு அந்தப் பல்லிடுக்கில் போய் விழும். விழுந்தால் சக்கரம் சுற்றாது, அவ்வளவுதான். நாக்கு இடுக்கில் விழாமல் பல்லின் நுனியில் உட்கார்ந்தால், வண்டி கொஞ்சம் நகர்ந்த பிறகுதான் விழும். புது வண்டியே ஒரு விரல், இரண்டு விரல் நகரும். நாலு விரல் என்றால் யோசிக்க வேண்டும். கேபிள் தொய்ந்திருக்கலாம். கேபிள் முனையில் உள்ள புஷ் என்கிற பிளாஸ்டிக் வளையம் தேய்ந்திருக்கலாம். இல்லையென்றால் நாக்கே மழுங்கியிருக்கலாம். முதல் இரண்டையும் வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். மூன்றாவதைப் பார்க்கக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும்.

மாமா வண்டிக்குக் கீழே போய், புஷ்ஷை விரலால் ஆட்டிப் பார்த்தார். பல் விழுந்த ஈறு மாதிரி தொளதொளவென்று இருந்தது. பத்து நிமிடத்தில் புதியதை மாட்டினார். "சரியாப் போச்சும்மா" என்றார்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போனேன். ஓர் இறக்கத்தில் மெல்ல உருண்டுகொண்டிருக்கும்போதே லீவரைப் பார்க்கில் தள்ளினேன். அடியில் டக டக டக என்று சத்தம். நாக்கு பல்லுக்குப் பல் தாவுகிற சத்தம் அது. திரும்பி வந்து ஜாப் கார்டில், 'நாக்கு மழுங்கியிருக்கிறது, கியர் பாக்ஸ் இறக்கிப் பார்க்க வேண்டும்' என்று எழுதினேன். மாமா படித்துப் பார்த்துவிட்டுக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"உருட்டிக்கிட்டே பார்க்ல போட்டா எந்த வண்டியா இருந்தாலும் டகடகன்னுதான் கேக்கும். உனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். சத்தத்திலும் சத்தம் இருக்கிறது. என்ஜினோடு காலம் தள்ளின காதுக்கு அது பிடிபடாது. இதைச் சொன்னேன். அக்கா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "தான் புடிச்ச முயலுக்கு மூணே காலு" என்றாள். கூடப் பிறந்தவளே அப்படிச் சொன்னால் ஒருவனுக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். எனக்கு எரிச்சல் வந்தது. அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்து காட்டச் சொல்லியிருந்தோம். சொன்ன நாளில், சொன்ன மணிக்கு வந்தார் நர்ஸம்மா.

"இப்ப நல்லா நிக்குது தம்பி."

"ஹேண்ட் பிரேக் போட்டா, போடாமலா?"

"போட்டுத்தான்."

"அப்ப எப்படிம்மா தெரியும்? ஒரு தடவ போடாம நிறுத்திப் பாருங்க. காய்ச்சலுக்கு மாத்திரையப் போட்டுக்கிட்டு வந்து காய்ச்சல் இல்லைன்னா, டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பாரு? உங்களுக்குத் தெரியாததா?"

அவர் சிரித்தார். "அதுக்காக நோயாளிகிட்ட இருந்து மாத்திரையப் புடுங்க மாட்டாங்க தம்பி. கூடப் பத்து டெஸ்ட் எடுப்பாங்க. நான் ஒரு ஊசி போடறதுக்கு முன்னாடி பேரு, மருந்து, அளவுன்னு மூணு தடவ பாக்குறவ. அப்பாவ உக்கார வச்சுக்கிட்டு ஹேண்ட் பிரேக் போடாம எறங்கச் சொல்றீங்களே."

மாமாவும் சேர்ந்து சிரித்தார். "டாக்டருக்கே வைத்தியம் சொல்லிட்டீங்கம்மா" என்றார்.

அன்று வண்டியை வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மேட்டுக்குப் போனேன். ஹேண்ட் பிரேக் போடாமல் பதினோரு முறை நிறுத்திப் பார்த்தேன். மேல் பார்த்து, கீழ் பார்த்து, சக்கரத்தைத் திருப்பி வைத்து, வைக்காமல். பதினோரு முறையும் வண்டி பாறை போல நின்றது. ஒரு விரல்கூட நகரவில்லை. நல்ல செய்திதானே என்பீர்கள். வண்டிக்கு உள்ளே கோளாறு இருக்கிறது என்று தெரிந்த ஒருவனுக்கு, கோளாறே இல்லாத மாதிரி வண்டி நடித்தால் வருகிற கோபம் உங்களுக்குப் புரியாது. நான் அதன் மூஞ்சியைப் பார்த்துத் திட்டியேவிட்டேன். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

கோளாறு இல்லாமல் இல்லை. அது ஒளிந்துகொண்டிருக்கிறது. வெளியே வருவதற்கு அதற்கு ஒரு மேடும், ஒரு கவனக்குறைவும் வேண்டும். மேடு வாரத்துக்கு இரண்டு முறை கிடைக்கிறது. கவனக்குறைவுதான் இந்த அம்மாளிடம் கிடைக்கவே கிடைக்காது. இதைத்தான் நான் நாள் கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் ஆயில் மாற்ற வண்டியை விட்டுவிட்டுப் போனார். மாமா பல் வலி என்று பல் வைத்தியரிடம் போயிருந்தார். அக்கா வீட்டில். பட்டறையில் மற்றவர்கள் முன்பக்கம் ஒரு லாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பின் லிஃப்ட்டில் அந்த வண்டியும் நானும் நாற்பது நிமிடம் தனியாக இருந்தோம்.

முதலில் கேபிள் முனையின் நட்டைத் தளர்த்திக் கழற்றினேன். கியர் பாக்ஸிலிருந்து வெளியே நீளும், கேபிள் மாட்டுகிற இரும்புக் கையைத் தனியாக ஆட்டிப் பார்த்தேன். நாக்கு விழுகிற இடம் கைக்குச் சுத்தமாகத் தெரிந்தது. அதிலும் எனக்கு ஏமாற்றம்தான். திரும்ப மாட்டினேன். நட்டை இறுக்கினேன். இறுக்கியதாகத்தான் நினைவு. அதற்குள் என் கவனம் ஹேண்ட் பிரேக் பக்கம் போய்விட்டது.

ஹேண்ட் பிரேக் கேபிளை இழுத்துப் பிடிக்க ஒரு நட் இருக்கிறது. அதைத் தளர்த்தினேன். ஆத்திரத்தில் செய்ததாக எழுத வேண்டாம். நிதானமாகத்தான் செய்தேன். இரண்டு சுற்றுத் தளர்த்தி, லீவரை இழுத்துப் பார்த்தேன். பிடித்தது. இன்னும் இரண்டு சுற்று. தட்டையான தரையில் நிற்கும், மேட்டில் நிற்காது என்கிற அளவுக்குக் கொண்டுவந்தேன். அது எல்லோராலும் முடிகிற வேலை இல்லை. சமதரையில் அவருக்கு வித்தியாசம் தெரியக் கூடாது, மேட்டில் நாக்கு தன் யோக்கியதையைக் காட்ட வேண்டும். நான் எதிர்பார்த்தது நாலு விரல் நகர்வு. மிஞ்சிப்போனால் ஒரு முழம். அவர் பயந்துபோய் வண்டியை நேரே பட்டறைக்குக் கொண்டுவருவார். மாமா வாயை மூடிக்கொண்டு கியர் பாக்ஸை இறக்கச் சொல்வார். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நர்ஸம்மாவுக்கு லாபம் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் மழுங்கிய நாக்கோடு எத்தனை நாள் ஓட்ட முடியும்?

ஜாப் கார்டில், 'ஆயில் மாற்றப்பட்டது, ஹேண்ட் பிரேக் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினேன். மாமா திரும்பி வந்து, வீங்கிய கன்னத்தோடு, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். வழக்கமாகப் படிப்பார்.

இப்போது தொலைபேசிப் பேச்சு. வண்டியை எடுத்துப் போன மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வாக்கில் பட்டறை போன் அடித்தது. அக்கா வெளியே நின்றிருந்தாள். நான் எடுத்தேன்.

"தம்பி, நீங்களா? நல்லதாப் போச்சு. ஒரு சின்ன சந்தேகம். ஹேண்ட் பிரேக் இழுத்தா முன்னாடி அஞ்சு தடவ டிக்கு டிக்குன்னு கேக்கும், நின்னுடும். இப்ப பதினொண்ணு கேக்குது. லீவர் ரொம்ப மேல வருது. சரியா இருக்கா?"

எண்ணியிருக்கிறார். ஹேண்ட் பிரேக்கின் பல் சத்தத்தை எண்ணிப் பார்க்கிற ஒருவரை நான் என் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. ஒரு கணம் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. அதே கணத்தில், இந்த அம்மாள் வண்டியைக் கொண்டுவந்தால் மாமா இரண்டு நிமிடத்தில் நட்டை இறுக்கிவிடுவார், கோளாறு மறுபடி ஒளிந்துகொள்ளும் என்பதும் தெரிந்தது.

"சரிபாத்து மாட்டினா அப்படித்தாம்மா இருக்கும். ரெண்டு வாரத்துல செட் ஆயிடும்" என்றேன்.

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

"வியாழக்கிழமை அப்பாவ வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போகணும், அந்த மேடு இருக்குல்ல, அதான் கேட்டேன். வேணும்னா இன்னைக்கே கொண்டுவந்து காட்டிடறேனே."

"அதுக்குன்னு அலைய வேண்டாம்மா. தைரியமாப் போங்க."

"சரி தம்பி. நீங்க சொன்னா சரி."

அக்கா உள்ளே வந்து யார் என்று கேட்டாள். ராங் நம்பர் என்றேன். ஒரு நிமிடம் நாற்பது வினாடி பேசியதாக உங்கள் காகிதத்தில் இருக்கிறது. அவ்வளவு நேரம் பேசியதாக எனக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வண்டியை மேட்டில் நிறுத்தினார். அவர் வரிசைப்படி எல்லாம் செய்திருப்பார், அதில் எனக்கு ஐயமே இல்லை. பின்னால் போய் டிக்கியைத் திறந்து, குனிந்து, சக்கர நாற்காலியைத் தூக்கினார். வண்டி நகர்ந்தது. நாலு விரலில் நிற்கவில்லை. அவருக்குப் பின்னால் பத்தடியில் ஒரு மதில் தூண்.

அவருடைய அப்பா வண்டிக்குள் இருந்தார். அவருக்கு விளங்கும் கை நடுப்பக்கம் இருந்தது. ஹேண்ட் பிரேக்கை அந்தக் கையால் பிடித்து இழுத்திருக்கிறார். குழறிக் குழறி அவர் சொன்னதை எழுதவே உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனதாமே. "இழுத்தேன், மேல வந்துச்சு, புடிக்கல" என்றாராம். திரும்பத் திரும்ப அதையே சொன்னாராம். அவர் எவ்வளவு இழுத்திருந்தாலும் பிடித்திருக்காது. அதை யாராவது அவரிடம் சொன்னால் நல்லது. அவர் தன் கையில் பலம் இல்லாததால்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

செய்தி பட்டறைக்கு வந்தபோது எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். மாமா ஜாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு வார்த்தை சொன்னேன். "நான் அப்பவே சொன்னேனே" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்கிறாள் அக்கா. அன்றிலிருந்து அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஜாப் கார்டையும் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது அவள்தான் என்று தெரியும். அவளைக் குறை சொல்ல மாட்டேன், கையெழுத்துப் போட்ட புருஷனைக் காப்பாற்ற வேண்டியது அவள் கடமை.

நாலு நாள் மாமாவைத்தான் நீங்கள் விசாரித்தீர்கள். அப்போது கொடுத்த வாக்குமூலங்களில் இதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டீர்கள். நான் எழுதிய வரியின்மேல் கோடு இழுத்தவர் அவர். அந்தக் கோட்டுக்கு அவர் கொஞ்சம் பதில் சொல்லட்டும் என்று இருந்தேன். கியர் பாக்ஸைப் பிரித்தால் தானாக உண்மை தெரிந்துவிடும், அப்புறம் நான் தனியாகச் சொல்ல வேண்டியது என்ன இருக்கிறது என்றும் நினைத்தேன். அந்த நாலு நாளும் எனக்குக் கவலையே இல்லை. பொறுமை இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

நேற்று நீங்கள் அறிக்கையைப் படித்துக் காட்டினீர்கள். நாக்கு மழுங்கவில்லை. ஸ்பிரிங் தளரவில்லை. பல்சக்கரத்தில் ஒரு கீறல்கூட இல்லை, பதினேழு வருட வண்டிக்கு இது ஆச்சரியம் என்று எழுதியிருக்கிறார்கள். கேபிள் முனையின் நட் மூன்று சுற்றுத் தளர்ந்து கிடந்ததாம். அதனால் லீவர் பார்க்கில் இருந்தும் நாக்கு இடுக்கில் விழாமல் பாதியில் நின்றுவிட்டதாம். நட்டின் மேல் புதிய ஸ்பேனர் தடம் இருக்கிறதாம். அந்த ஸ்பேனர் யாருடையது என்று கேட்டீர்கள். என்னுடையதுதான். அங்கே வேறு யாரும் கை வைக்கவில்லை.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தியது நான். தளர்த்திவிட்டுச் சரிபார்த்ததாக எழுதியது நான். அவர் கூப்பிட்டுக் கேட்டபோது தைரியமாகப் போகச் சொன்னதும் நான். கேபிள் நட்டை இறுக்காமல் விட்டிருந்தால் அதுவும் நான்தான். மாமாவுக்கு இதில் சம்பந்தமில்லை. எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் உள்ளே கோளாறு இல்லை என்ற ஒன்றை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பிரித்தவர் எந்த வெளிச்சத்தில் பார்த்தாரோ, எத்தனை கியர் பாக்ஸ் பார்த்தவரோ, எனக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் விரலுக்குத் தெரியும். இன்னொரு தடவை, என் முன்னால், அதைப் பிரிக்கச் சொல்லுங்கள். கை விலங்கோடு வேண்டுமானாலும் வருகிறேன், ஒரு விரலால் தடவிப் பார்த்தால் போதும். நர்ஸம்மா இருந்திருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார். எதையும் மூன்று தடவை பார்க்காமல் விடுகிறவர் இல்லை அவர்.